ஓடையில் அலசிய தோல்

காலையில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடிந்து தலையில் கட்டியிருந்த ஹெட்லைட்டைக் கழற்றியபோது சுபினுக்கு நெற்றி தீயாய் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தான். அதன் பட்டை படிந்திருந்த இடம் முழுக்கச் சிவந்து, தோல் வழன்றிருந்தது. பட்டை உறுத்தாமலிருக்க நேற்றுதான் அதனடியில் ஒரு துண்டு ஆட்டுத்தோலைத் தைத்திருந்தான். வேர்வையில் ஊறிய அந்தத் துண்டை மோந்து பார்த்தான். ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட்டின் அதே நெடி.

அந்தத் தோலின் பெரிய பாகம் நெய்யூரில் தங்கச்சி ஜாஸ்மி வீட்டில் இருக்கிறது. அவளுடைய கைப்பிள்ளை அதன்மேல் படுத்திருக்கும் போட்டோ நேற்றுச் சாயங்காலம்தான் வந்தது. வெறும் மேலோடு பிள்ளை, புசுபுசுவென்று ரோமம், கீழே ‘மாமன் மெத்தை’ என்று ஒரு வரி.

செத்த கோழியையும் முயலையும் வீட்டிலேயே பாடம் பண்ணி வைப்பது சுபினுக்கு ஒரு கிறுக்கு. குரு யூடியூப். பிள்ளையின் ஞானஸ்நான விருந்துக்கு அறுத்த கிடாயின் தோலைச் சும்மா விடுவானா? உப்பும் ஆசிட்டும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டான், படிகாரம் போட்டுப் பதப்படுத்தினான். தோலுக்குள் இறங்கிய ஆசிட்டை ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் முக்கி முறிக்க வேண்டும் என்று வீடியோக்காரன் படித்துப் படித்துச் சொன்னான். இவன் கேட்டால்தானே! ரப்பர் ஷீட்டை ஓடையில் அலசினால் ஆசிட் போய்விடுகிறது, தோல் எம்மாத்திரம் என்று நினைத்தான். ஷீட்டைப் போலவே அலசி, ஷீட் காயும் கொடியிலேயே காயப்போட்டான். காய்ந்திருக்கும்வரை தோல் சாதுவாகத்தான் இருக்கும். ஈரம் பட்டால்தான் உள்ளே கிடப்பது வெளியே வரும். கைப்பிள்ளை படுக்கிற இடத்தில் ஈரத்துக்கா பஞ்சம்?

போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டான், எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கீரிப்பாறை இறக்கத்தில் பாய்ந்தான். கல்யாணமாகி வருஷக்கணக்காய் ஜெபம் பண்ணிப் பெற்ற பிள்ளை. தன் நெற்றியே இப்படி வழன்றால் அந்தப் பூ முதுகு என்னாகும்? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதால்தான் போனை எடுக்கவில்லையோ? தடிக்காரன்கோணம் தாண்டியதும் வாய்விட்டே கதறினான். “கர்த்தாவே, எங் கையால வேண்டாம்!”

வீட்டில் ஜாஸ்மி பிள்ளையைக் குளிப்பாட்டிக் கட்டிலில் பழைய சேலையை விரித்துக் கிடத்தியிருந்தாள். சுபின் ஓடிப்போய்ப் பிள்ளையைப் புரட்டிப் பார்த்தான். முதுகில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

“அந்தத் தோலு எங்கட்டி?”

ஜாஸ்மியின் முகம் சுண்டியது. “கோவப்படாத அண்ணா. போட்டோவுக்கு மட்டுந்தான் கெடத்தினேன். ஒருமாதிரி வாட அடிச்சு, சுருட்டி வெச்சிட்டேன்.”

சுபின் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். உயிர் திரும்பி வந்த அழுகை அது. அவளோ மனசு நொந்து அழுகிறான் என்று நினைத்துவிட்டாள்.

“அய்யோ, இதுக்கா கரையுத? நீ ஆசயா செஞ்சதுல்லா! வெசனப்படாத, இப்பமே படுக்கப் போடுதேன்.”

அவன் கண்ணைத் துடைத்து நிமிர்வதற்குள் அலமாரியிலிருந்து தோலை எடுத்துக் கட்டிலில் விரித்துவிட்டாள். குளித்த ஈரம் காயாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் குனிந்தாள்.

சுபின் பாய்ந்து பிள்ளையைப் பறித்தான். பிள்ளை வீறிட்டது.

“போடாத! அதுல ஆசிட் கெடக்கு!”

ஜாஸ்மி அவன் நெற்றியை அப்போதுதான் பார்த்தாள். “தெரியாம தந்தியா?”

பொய் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. “முறிக்கணும்னு தெரியும். அலசினா போதும்னு விட்டுட்டேன்.”

அவள் பிள்ளையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தி, உள்ளே கொண்டி போட்டாள்.