பன்னிரண்டு மணித் தண்ணீர்

“தண்ணிய எத்தன மணிக்கும்மா எடுக்குறே?”

கடல்நீர்ப் பரிசோதனைக்கூடத்து மேடம் அவளிடம் இப்படிக் கேட்டு நாலு மாதம் இருக்கும். போகிற போக்கில் கேட்டதுதான். நுண்ணோக்கியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

“பன்னெண்டு மணிக்கு மேடம்.”

பொய். அது காலை ஆறு மணிக்கு எடுத்த தண்ணீர்.

திங்கட்கிழமைதோறும் படகுத்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து, குப்பியை முழங்கை ஆழத்துக்கு அமிழ்த்தி நிரப்ப வேண்டும். தண்ணீரில் இருப்பது கெடாமலிருக்க நாலு சொட்டு அயோடின் விட்டு மூடியை இறுக்கி, தேதியும் நேரமும் எழுதிச் சீட்டு ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நேரம் பகல் பன்னிரண்டு என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். முதல் திங்கள் அப்படித்தான் போனாள். படகெல்லாம் கரைக்கு வந்துவிட்ட நேரம், துறை முழுக்க ஆள்.

“என்ன டாக்டரம்மா, கடலுக்கு ரத்தப் பரிசோதனையா?” என்றான் வலை தைத்துக்கொண்டிருந்தவன்.

“சர்க்கரை இருக்கான்னு பாத்துச் சொல்லு தாயி. உப்பு இருக்கறது எங்களுக்கே தெரியும்” என்றார் ஐஸ்காரர்.

துறையே சிரித்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படித்தபோது கிளம்பிய அதே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பள்ளிக்கூடத்தையே விட்டாள். அடுத்த வாரத்திலிருந்து ஆள் நடமாட்டம் தொடங்கும் முன்னே, ஆறு மணிக்கே போய்வந்தாள். சீட்டில் மட்டும் 12 என்று எழுதினாள். ஆறு மணிக்கும் அதே கடல், பன்னிரண்டு மணிக்கும் அதே கடல். அதற்குள் அது எங்கே எழுந்து போய்விடப் போகிறது?

அந்தக் குப்பியைப் பரிசோதித்து, செவ்வாய்க்கிழமை துறைப் பலகையில் தாள் ஒட்டுவார்கள். பச்சை என்றால் பாறையில் சிப்பி எடுக்கலாம். சிவப்பு என்றால் கூடாது. வலையில் மீன் விழுவது அற்றுப்போய், அண்ணனின் படகு கரையில் கவிழ்ந்து கிடந்த வருடம் அது. அண்ணி சிப்பி சுரண்டித்தான் அடுப்பு எரிந்தது. தாளைப் பார்க்காமல் அண்ணி பாறையில் கால் வைத்ததில்லை.

“என் நாத்தனா எடுத்த தண்ணி. கண்ண மூடிக்கிட்டு எடுங்கடி” என்பாள் மற்றப் பெண்களிடம். “அவ வாய் பேசலன்னா என்ன? அவ தாளு பேசும்.”

மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. ஊர்ச் சாக்கடை மொத்தமும் கடலில் போய் விழுந்தது. பிறகு பத்து நாள் காற்றே இல்லாமல் வெயில் கொளுத்தியது. அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணி பாறையிலிருந்து வந்து கூடையை இறக்கினாள்.

“ஏய் குட்டி, மத்தியானத் தண்ணி டீ டிகாஷன் மாதிரி இருக்குடி. சாப்பிடலாமா?”

முந்தின நாள் காலையில் அவள் குப்பியில் மொண்ட தண்ணீர் கண்ணாடியாக இருந்தது.

“பச்சைத் தாள்தானே அண்ணி” என்றாள்.

மறுநாள் அண்ணன்தான் முதலில் சாப்பிட்டான். இரண்டு தட்டு. “உதடு மரத்துப்போச்சுடி. பல்லு புடுங்கிட்டு வந்த மாதிரி இருக்கு” என்று குழறினான். அண்ணி சிரித்தாள். அவளும் சிரித்தாள். அவன் இன்னும் கொஞ்சம் குழறிக் காட்டினான். பிறகு விரல் மரத்தது, கால் மரத்தது. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மூச்சு நின்றிருந்தது.

அண்ணியிடம் சிப்பி வாங்கிய இரண்டு பேர் படுக்கையில் கிடந்து பிழைத்தார்கள். ஊர் கணக்குப் போட்டுவிட்டது. தாள் பச்சை, அப்படியானால் குற்றம் சிப்பி எடுத்தவள் மேல்தான். சாக்கடை வாய்ப் பாறையில் திருட்டுத்தனமாகச் சுரண்டியிருக்கிறாள், புருஷனுக்கே எமனாகிவிட்டாள் என்றார்கள். சிப்பிக்காரர் சங்கம் அண்ணியின் அனுமதி அட்டையைப் பிடுங்கிக்கொண்டது.

பதினோராம் நாள் அண்ணி அவளைப் பரிசோதனைக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“நீ ஒண்ணும் பேச வேணாம், கூட நின்னா போதும். அவங்க பாத்ததுலதான் எங்கயோ தப்பு. உன் குப்பிய இன்னொரு வாட்டி பாக்கச் சொல்றேன்.”

படி ஏறும்போது அண்ணி அவள் கையை விடவே இல்லை.

மேடம் இரண்டு குப்பிகளை மேசையில் வைத்தார். “இது திங்கக்கிழமைக் குப்பி. நாலு தடவ பாத்துட்டேன், ஒண்ணுமே இல்ல. இது வியாழக்கிழமை மத்தியானம் அதே படியில நானே எடுத்தது. பாருங்க.”

அண்ணி நுண்ணோக்கியில் குனிந்தாள். “பம்பரம் பம்பரமா கெடக்கே.”

“நுண்பாசி. இதைத் தின்ன சிப்பிதான் விஷம். வேகவச்சாலும் போகாது. மூணு நாளுக்குள்ள இவ்வளவு பெருகியிருக்க வழியே இல்ல, அதான் எனக்குப் புரியல.” மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இதுக்கு வால் உண்டு, நீந்தும். வெயில் ஏற ஏற மேல வரும், இருட்டினா ஆழத்துக்கு எறங்கிடும். விடியக்காலையில மேல் தண்ணியில தேடினாலும் கெடைக்காது. அதனாலதான் பன்னெண்டு மணின்னு வச்சிருக்கோம்.” சட்டென்று நிறுத்தி அவளைப் பார்த்தார். “இத நான் உங்கிட்ட சொன்னதே இல்லல்ல?”

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

“தண்ணிய எத்தன மணிக்கும்மா எடுத்தே?”

“பன்னெண்டுக்குத்தான் மேடம்” என்றாள் அண்ணி. “அவ கையெழுத்துதான், சீட்டப் பாருங்க. பொய் சொல்லத் தெரியாத பொண்ணு. பேசவே தெரியாது, பொய் எங்க சொல்றது?”

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தெடுத்தாள்.

“ஆறு மணிக்கு.”

“அன்னைக்கு மட்டுமா?”

“எல்லாத் திங்களும்.”

“ஏன்?”

கூடத்தில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அவள் மேசையின் விளிம்பைப் பார்த்தபடி சொன்னாள்.

“சிரிப்பாங்க.”

மேடம் எதையோ எழுதப் பேனாவை எடுத்து, எழுதாமலே கீழே வைத்தார். இனி அட்டை அண்ணிக்குத் திரும்பக் கிடைக்கும். ஊர் வாய் அண்ணியை விட்டுவிடும். அதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. அண்ணி அறைந்துவிட வேண்டும், தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

அண்ணி திங்கட்கிழமைக் குப்பியைக் கையில் எடுத்தாள். சீட்டிலிருந்த 12-ஐப் பெருவிரலால் ஒருமுறை தடவினாள். குப்பியை மேசையின் நடுவில், விழுந்துவிடாதபடி வைத்தாள். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து படியிறங்கிப் போனாள்.