பொட்டலம் இல்லாத ஏழாம் தேதி

பிப்ரவரி ஏழாம் தேதி சாயங்காலம் என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தபோது, எதிர்வீட்டுப் பாப்பம்மாள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு அவர் கையைப் பார்த்தாள். பிறகு சைக்கிள் கேரியரைப் பார்த்தாள். கடைசியாக என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் நடக்காதது போல மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. வாசலில் நின்று அவளிடம் இரண்டு வார்த்தை பேசியிருந்தால், பின்னால் நடந்த கூத்து எதுவும் நடந்திருக்காது.

மண்ணூரில் எங்கள் தெருவுக்கு ஏழாம் தேதி என்றால் சம்பளம். சம்பளம் என்றால் பொட்டலம். கம்பெனி வேலைக்குப் போகிற ஆண்கள் அத்தனை பேரும் அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பரோட்டா, அல்வா, காராசேவு என்று கட்டிக்கொண்டுதான் ஊருக்குள் நுழைவார்கள். எண்ணெய் ஊறிய செய்தித்தாள் பொட்டலம் கையில் ஆடிக்கொண்டு வர வேண்டும். பைக்குள் போட்டு மறைத்தால் மரியாதை இல்லை. பொட்டலம் பெரிசாக இருந்தால் கம்பெனி நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துத்தான் மளிகைக் கடை நாகப்பன்கூட அடுத்த மாதக் கடனுக்குத் தலையாட்டுவார். எங்கள் வீட்டுப் பொட்டலம் ஒருநாளும் நாற்பத்தைந்து ரூபாய்க்குக் குறைந்ததில்லை. என் வீட்டுக்காரர் பேர் சின்னப்பையன். வாயால் சொல்ல மாட்டேன், எழுதினால் பரவாயில்லை. போல்ட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர், வயது முப்பத்து நாலு, கௌரவம் மட்டும் ஜமீன்தாருடையது.

அந்த மாதம் பொட்டலம் வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதற்கு முந்தின வாரம் வெளிக்கடையில் மண்ணெண்ணெய் வாங்கப் போனவள், வழியில் ரேஷன் கடை வரிசையைப் பார்த்து நின்றேன். உள்ளேயிருந்து "சின்னப்பையன்!" என்று கூப்பிட்டார்கள். வட்டிக்கு விடுகிற தண்டல் கண்ணப்பனின் மனைவி "கீறேன்" என்று ஆஜர் சொல்லி முன்னால் போனாள். எங்கள் கார்டை நீட்டி, எங்கள் சர்க்கரையை, எங்கள் பாமாயிலை வாங்கிக்கொண்டாள். அது ஒன்றும் எனக்குத் தெரியாத விஷயமில்லை. மகள் ஐஸ்வர்யா வயிற்றில் புரண்டுகொண்டு ஆபரேஷன் செய்து பிறந்தபோது, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கண்ணப்பனிடம் இரண்டாயிரம் வாங்கி, ரேஷன் கார்டை ஈடாகக் கொடுத்திருந்தோம். மாதம் இருநூறு வட்டி. இருபத்தாறு மாதமாகக் கட்டிய வட்டி மட்டும் ஐயாயிரத்து இருநூறு. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் வேறு ஒருத்தி என் புருஷன் பேருக்குக் குரல் கொடுத்ததைக் கேட்டபோதுதான் அழுகை வந்தது. அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று இருந்தது. கார்டு கையில் இல்லாததால் ஐஸ்வர்யாவின் பெயரை இன்னும் அதில் ஏற்றவில்லை. சர்க்கார் கணக்கில் எனக்குப் பிள்ளையே இல்லை.

"கார்ட மீட்கணும்யா. இந்த மாசத்துலேர்ந்து பொட்டலம் வேணாம்," என்றேன்.

"தெருவுல இன்னா நென்ச்சிக்குவாங்க?"

"ஒண்ணும் நென்ச்சிக்க மாட்டாங்க."

எவ்வளவு புத்திசாலி நான்! ஏழாம் தேதி அவர் வந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, வாசலில் நாகப்பன் வந்து செருமினார். அந்த வாரம்தான் போல்ட் கம்பெனியில் பன்னிரண்டு டெம்பரவரி ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். பஸ்ஸை விட்டுவிட்டுப் பழைய சைக்கிளில் வருகிறார், கையில் பொட்டலம் இல்லை, பெண்டாட்டி முகம் கொடுக்காமல் உள்ளே போகிறாள். பாப்பம்மாள் மூன்றையும் கூட்டிக் கணக்குப் போட்டு, விடையைத் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

"எம்மா தாயாரு, கஷ்டமாத்தான் கீது. ஆனா நம்ம பாக்கி அறுநூத்தி நாப்பது கீதும்மா. எனக்கும் பொழப்பு ஓடணுமில்ல," என்றார் நாகப்பன். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அவர் பின்னாலேயே டீக்கடை சுப்பிரமணி வந்து நின்றார். டீக்கடையில் எங்களுக்குப் பாக்கி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இருநூற்று நாற்பது! என் வீட்டுக்காரர் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தவர், சுப்பிரமணியைப் பார்த்ததும் அப்படியே திரும்பி உள்ளே போகப் பார்த்தார். நான் வழியை மறித்துக்கொண்டேன். அதற்குள் கண்ணப்பனின் டி.வி.எஸ். 50 வந்து நின்றது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது.

கண்ணப்பன் கெட்டிக்காரர். வேலை போனவனிடம் சட்டையைப் பிடித்தால் சட்டைதான் கையில் வரும் என்று தெரிந்தவர். வண்டியிலிருந்து இறங்காமலே, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "சின்னப்பையா, வேல பூட்ச்சின்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கல. இனிமே எனுக்கு வட்டி வேணாம்பா. அசல மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடு. கண்ணப்பன் மனுசன் இல்லன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது, பாரு."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். மாதம் இருநூறு ரூபாய், சும்மா வந்து மடியில் விழுகிறது. நாங்களாக ஒரு பொய்யும் சொல்லவில்லையே. இரண்டு நாள் கழித்துத் தெரிந்தால் தெரியட்டும். துண்டுக்குக் கீழே என் வீட்டுக்காரர் கையை அழுத்திப் பிடித்தேன். பேசாதே என்று அர்த்தம். பத்து வருஷமாக அந்தக் கைக்கு என் அழுத்தம் தெரியும்.

ஜமீன்தாருக்கு அது பொறுக்குமா? "யார் சொன்னது எனுக்கு வேல பூட்ச்சின்னு? ஏழு வருசமா பர்மனண்டுய்யா நானு!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடி, சம்பளக் கவரையும் சீட்டையும் எடுத்துவந்து ஆளாளுக்குக் காட்டினார். இடுப்பில் துண்டு நழுவுவதுகூடத் தெரியவில்லை. பாப்பம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே முறத்தால் சாத்தியிருப்பேன். நியாயத்துக்காகப் பேசியிருந்தாலாவது பரவாயில்லை. மனுஷன் கௌரவத்துக்காகப் பேசினார்.

கண்ணப்பன் சிரித்தார். "அப்ப நல்லதாப் போச்சி. இந்த மாச வட்டிய எடுத்து வை, நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

வண்டியைக் கிளப்பக் காலை உதைத்தார். எனக்குள் என்ன புகுந்ததோ, குழந்தையைப் பாப்பம்மாள் கையில் கொடுத்துவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"ண்ணா, வேல போனவங்கிட்ட வட்டி வேணாம்னு நீயே சொன்ன. மொத்தத் தெருவும் கேட்டுச்சி. வேல போனவன் எப்ப குடுப்பான், எவ்ளோ குடுப்பான்? இவுரு வேலைல கீறாரு. மாசம் எறநூத்தம்பது, எட்டே மாசம், ஒவ்வொரு ஏழாந்தேதியும் சுப்பிரமணியண்ணன் கட வாசல்ல வச்சி எண்ணிக் குடுத்துடுறோம். இல்லாதவனுக்கு எரங்குனவரு, கீறவனுக்கு எரங்க மாட்டியா?"

நாகப்பன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொன்ன வார்த்த சொன்னதுதானே, கண்ணப்பா. வட்டியில நீயும் நெறயத்தான் பாத்துட்ட," என்றார். கண்ணப்பன் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். எதிரில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அதில் பாதிப் பேர் அவரிடம் கடன் வாங்கினவர்கள்; மீதிப் பேர் இனிமேல் வாங்க வேண்டியவர்கள்.

"சரி. ஆனா ஒரு மாசம், ஒரு ரூபா கொறஞ்சாலும் பழைய வட்டி மொதல்லேர்ந்து ஓடும். கார்டு கடைசி ரூபா வர்ற வரிக்கும் எங்கிட்டதான் இருக்கும்."

அன்றைக்கே முதல் தவணையை எண்ணிக் கொடுத்தோம். மளிகைக்கு மாதம் எண்பது, டீக்கடைக்கு மாதம் முப்பது என்று அதே வாசலில் பேசி முடித்தோம். எல்லோரும் போன பிறகு நான் அவரிடம் பேசவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது அன்றைக்குத்தான். தெரிந்ததும், பயத்தைவிட நிம்மதிதான் அதிகமாக வந்தது.

வட்டிக்குப் போன இருநூறு போக, மாதம் நூற்று அறுபது ரூபாய் புதிதாகப் புரட்ட வேண்டும். பொட்டலத்தில் நாற்பத்தைந்து வந்தது. பஸ்ஸை விட்டுச் சைக்கிள் மிதித்ததில் கொஞ்சம். நானும் உத்தமி ஒன்றும் இல்லை. சனிக்கிழமைதோறும் சினிமாக் கொட்டகை, தினம் ஒரு முழம் பூ, கடையில் தொங்குகிற சாஷே ஷாம்பு. எல்லாவற்றையும் விட்டேன். சீயக்காய்க்குத் திரும்பினேன். காப்பியில் சர்க்கரைக்குப் பதில் வெல்லம். முதல் வாரம் குழந்தை துப்பினாள். இரண்டாவது வாரம் இன்னும் கேட்டாள். அவருக்குத்தான் கஷ்டம் அதிகம். கம்பெனியில் அவர்கள் லைனில் பத்துப் பேர். நாலு மணி பிரேக்கில் ஒவ்வொரு நாளும் ஒருத்தர் முறை வைத்து பத்துப் பேருக்கும் டீயும் போண்டாவும் வாங்க வேண்டும். முறை வந்தால் இருபது ரூபாய். அந்த வட்டத்திலிருந்து அவர் கழன்றுகொண்டார். பிரேக்கில் மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே போகும்போது, அவர் மட்டும் மிஷினைத் துடைத்துக்கொண்டு நிற்பாராம். "மிஷின்ல இப்ப மூஞ்சி பாக்கலாம் போல கீது," என்று ஒருநாள் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நாலு தவணை ஒழுங்காகப் போனது. அந்த வருஷம், தொண்ணூற்றொன்றில், மே மாதம் கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ் இல்லை, கடை இல்லை, போலீஸ் தவிர ரோட்டில் ஆள் இல்லை. கம்பெனியை நாள் கணக்கில் மூடிப்போட்டார்கள். வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஜூன் ஏழாம் தேதி கவரைப் பிரித்து, அரிசிக்கு ஒதுக்கியதையும் உண்டியலில் கிடந்த சில்லறையையும் சேர்த்து எண்ணினோம். நாகப்பனும் சுப்பிரமணியும் அந்த மாதம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியும் கண்ணப்பனுக்குப் பதினைந்து ரூபாய் குறைந்தது. பதினைந்தே ரூபாய். கேட்டால் பாப்பம்மாள்கூடத் தருவாள். ஆனால் இனி யாரிடமும் கைமாற்று வாங்குவதில்லை என்று குழந்தை தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தேன். "போய்க் கெஞ்சிப் பாக்கறேன்," என்று எழுந்தார் ஜமீன்தார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் படி இறங்கும்போது மண்ணாங்கட்டி வந்தார். லைனில் இவருக்கு அடுத்த மிஷின். சுங்குவார்சத்திரத்திலிருந்து சைக்கிள் மிதித்து, சட்டையெல்லாம் வேர்வை. மடித்த நோட்டுகளை நீட்டினார். ஒன்பது இரண்டு ரூபாய் நோட்டுகள்.

"இன்னாப்பா இது? கடன்னா வேணாம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"யார்ரா உனுக்குக் கடன் குடுத்தது? பிப்ரவரில மொத முறை நீதான் வாங்கிக் குடுத்த. மறுநாளே கழண்டுகின. ஒம்போது பேரு உன் டீயக் குட்ச்சிக்கீறோம், ஒருத்தன் திருப்பி வாங்கித் தரல. நேத்து நீ சூப்பர்வைசராண்ட அட்வான்ஸ் கேட்டப்பதான் எங்களுக்கு உறைச்சிது. முறைன்னா முறைதான், புடி."

அவர் வாங்கிக்கொண்டார். சுப்பிரமணி கடை வாசலில் கண்ணப்பன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். மீதி மூன்று ரூபாய் இருந்தது. மண்ணாங்கட்டிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாராம். நான் கணக்குக் கேட்கவில்லை.

செப்டம்பர் ஏழாம் தேதி சாயங்காலம். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது? சைக்கிள் திரும்பும்போதே பாப்பம்மாள் பார்த்துவிட்டாள். சைக்கிளை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையில் செய்தித்தாள் பொட்டலம், நூலில் கட்டி ஆடிக்கொண்டு வருகிறது. தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று மெதுவாக வேறு வந்தார்.

"இன்னாப்பா, பொட்டலம் வந்துட்ச்சி! பரோட்டாவா?" என்றாள் பாப்பம்மாள்.

"அத்தவிட ஒசத்தி," என்றார்.

ஐஸ்வர்யா ஓடிவந்து பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தாளில் அங்கங்கே எண்ணெய் ஊறியிருந்தது. நூலைப் பல்லால் இழுத்தாள். உள்ளே எங்கள் கார்டு. இரண்டு வருஷத்துக்கு மேல் பாமாயில் கேனோடு போய் வந்ததில் ஓரமெல்லாம் பழுப்பேறி, மெழுகு பூசின மாதிரி இருந்தது. குழந்தை முகர்ந்து பார்த்தாள். அல்வா எங்கே என்பது போல அவரைப் பார்த்தாள். அவர் சம்பளச் சீட்டைத் திருப்பி, அதன் பின்னால் எழுதியிருந்ததை எனக்குக் காட்டினார்: திங்கட்கிழமை, தாலுக்கா ஆபீஸ், அரை நாள் லீவு.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கார்டைப் பிரித்தேன். முதல் வரியில் அவர் பெயர். இரண்டாவதில் என் பெயர். அதற்குக் கீழே எதுவும் எழுதாத ஒரு வரி. அவள் விரலைப் பிடித்து அந்த வரிமேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நகர்த்தினேன். அவள் கையை உருவிக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டின விரலை வாயில் வைத்துப் பார்த்தாள்.