கால்வாய் பார்க்க வந்தவர்கள்

பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால், புதிய மழைநீர்க் கால்வாயின் ஓரத்தில் மெட்டில்டா காலையிலிருந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கால்வாய்க்குக் கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கிக்காரர்கள் வேலையைப் பார்வையிட வருகிறார்கள். சரிந்து கிடந்த கால்வாய்ச் சுவரைப் பச்சைத் துணி கட்டி மறைத்து, அதற்கு முன்னால் வரவேற்புப் பலகை வைத்திருந்தார்கள்.

"இவங்க சரின்னு சொன்னாதான் மீதிக் கடன் வரும்," என்றார் இன்ஸ்பெக்டர். "மேலேருந்து கீழ வரைக்கும் அத நம்பிக்கினு கீறாங்க. கார் கிட்ட ஒருத்தரும் வரக்கூடாது. வந்தா, யூனிஃபார்மக் கழட்டி வச்சிட்டுப் போயிடு."

மெட்டில்டாவுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

கார்கள் வளைவில் திரும்பும்போதுதான் ஜஹீராவைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி. அவள் கணவன் அப்துல் ரசாக் இந்தக் கால்வாயில் கொத்தனாராக இருந்தவன். போன மழையில், கம்பியே போடாத அந்தச் சுவர் சரிந்து அடியில் சிக்கிச் செத்துப்போனான். குடித்துவிட்டு விழுந்தான் என்று ஸ்டேஷனில் எழுதி முடித்துவிட்டார்கள். அப்படி எழுதும்போது மெட்டில்டாவும் ஸ்டேஷனில்தான் இருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

ஜஹீரா நேராக அவளிடம்தான் வந்தாள்.

"உங்களப் பார்த்ததும்தான் உசுரே வந்துச்சுக்கா. கார்ல வர்றவங்ககிட்ட ஒரே வார்த்த சொல்லிட்டுப் போயிடறேன். அவுரு குடிக்கவே மாட்டாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"வூட்டுக்குப் போ ஜஹீரா. உன் கால்ல விழறேன், போயிடு."

"அந்தத் துணிய மட்டும் தூக்கிக் காட்டிட்டு..."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். மெட்டில்டாவின் கை தானாக நீண்டது. ஜஹீராவை டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் இழுத்துப்போய் வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் பற்கள் அழுந்தின. விடவில்லை. அப்பால் யாரோ ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்கள், இன்ஜினீயர் சிரித்தார், கைதட்டல் கேட்டது. கார்கள் போயின.

"சபாஷ்," என்றார் இன்ஸ்பெக்டர். "வேன்ல ஏத்து. அரசாங்க வேலையத் தடுத்தாள்னு ஒரு கேஸ் போட்டுடலாம்."

வேன் படியில் ஜஹீரா நின்றாள். துப்பட்டா நுனியில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தாள்.

"எம்பொண்ணு ஸ்கூல் வுட்டு வந்துடும். வூடு பூட்டிக் கீதேன்னு பயந்துக்கும். தொறந்து வுடுங்கக்கா."

மெட்டில்டா கையை நீட்டினாள். பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்த உள்ளங்கையில் ஜஹீரா சாவியை வைத்தாள்.