பூரணிக்காகப் பதில் சொன்னவர்

1

இந்தக் கதை ஹட்டன் – மஸ்கெலியா பஸ்ஸில் கிடைத்தது. தொலைபேசி வழியாகவே நோயாளிகளைப் பார்க்கும் திட்டம் வரப்போகிறது என்று என் பத்திரிகையில் ஒரு செய்தி. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வரப்போகுதா? எங்களுக்குத் தொண்ணூத்தெட்டுலயே வந்துருச்சுங்க."

பெயர் சோலைமலை. நடந்ததைச் சொன்னார். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதி?" என்றார்.

2

முதல் தொடக்கம்: பனி போர்த்திய மலைகளின் பச்சை மடியில்—

(வேண்டாம். அவர் மனைவி வழுக்கியது அந்தப் பச்சையில்தான்.)

இரண்டாம் தொடக்கம்: தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்கிய பூரணி வழுக்கி விழுந்தார். பின்மண்டை கல்லில் மோதியது. இரத்தம் வரவில்லை.

இது போதும். இரத்தம் வந்திருந்தால் லொறி வந்திருக்கும், கதை வந்திருக்காது.

3

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் லீவு. ஆஸ்பத்திரிக்கு லொறி தர வேண்டுமானால் டவுன் டொக்டர் போனில் சொல்ல வேண்டும். தோட்டத்தை நடத்தும் துரையின் உத்தரவு. போன் ஆபீசில் இருந்தது. அதைத் தொழிலாளி தொடுவதில்லை. யாருக்கு என்ன என்றாலும் கிளாக்கர் செல்லசாமிதான் பேசுவார். வழக்கம்.

பூரணியை வாசற்படியில் உட்கார வைத்துவிட்டு, சோலைமலை செருப்பைக் கழற்றி நின்றார். டொக்டர் அனுப்பச் சொல்ல வேண்டும். வேறெதுவும் அவர் மனதில் இல்லை.

(டொக்டரின் குரல் அவருக்குக் கேட்கவில்லை. கேள்விகள் என் ஊகம். டொக்டருக்குக் கேதீஸ்வரி என்று பெயரிட்டு, யாழ்ப்பாணத்துக்காரியாக்கி, கெட்டவராக்கவும் முயன்றேன். முடியவில்லை, கேள்விகள் எல்லாம் சரியாகவே வந்தன.)

"இண்டைக்கு என்ன கிழமை எண்டு அவவிட்டக் கேளுங்கோ."

"வியாழங்க டொக்டர்." பூரணியின் பக்கம் திரும்பாமல் கிளாக்கரே சொன்னார்.

"எப்பிடி விழுந்தவ எண்டு சொல்லுறாவோ?"

"வழுக்கிருச்சுங்க. மழையில்ல?"

"தலையிடிக்குதோ?"

கிளாக்கர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "ஏ புள்ள, தலை நோவுதா?"

பூரணி சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். ஆபீஸ் வாசலில் நோவு என்று சொன்னால் வேலைக் கள்ளி என்பார்கள்.

"இல்லீங்க ஐயா."

"இல்லையாம் டொக்டர்."

"ஆக்களை அடையாளம் தெரியுதோ?"

கிளாக்கர் சோலைமலையைப் பார்த்தார். "ஒன்னயத் தெரியுதாடா அதுக்கு?"

"என்னய அண்ணேங்குதுங்க ஐயா."

"கட்டுன புருசன அண்ணேங்குதா? இப்பத்தான்டா அவளுக்குப் புத்தி தெளிஞ்சிருக்கு!"

ஆபீஸ் சிரித்தது. சோலைமலையும் சிரித்தார். ஐயா பகிடி விட்டால் சிரிக்க வேண்டும்.

"நல்லாத் தெரியுதுங்க டொக்டர்."

4

மூளை அதிர்ச்சிச் சோதனையில் கிளாக்கர் குறைவில்லாமல் தேறினார். டொக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். மோசமானால் கொண்டுவரச் சொன்னார். லொறி கொழுந்தை ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்குப் போனது.

அப்போது மட்டும் சோலைமலை ரிசீவரைப் பறித்திருந்தால்—

(அழிக்கிறேன். அவர் பறிக்கும் கதையில் துரையும் நல்லவராக இருப்பார்.)

5

முடிவுகள்.

பூரணி விடியுமுன் இறக்கிறார். பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும்.

பூரணி குணமாகி மலைக்கு ஏறுகிறார். துரைக்குப் பிடிக்கும்.

பூரணி உயிரோடு இருக்கிறார், ஆனால் அடுப்பில் எதை வைத்தோம் என்பது—

(இதுவும் ஊகம். லொறி போனதுவரை சோலைமலை சொன்னதுமே அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது.)

எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. எழுதியதைத் திரும்பப் படித்தேன். இந்தக் கதையிலும் எல்லாரும் பேசுகிறார்கள். பூரணி சொன்னது ஒரே ஒரு பதில். அதுவும் பொய்.

இனி வரும் வரி அவருடையது. நான் எழுத மாட்டேன். படிக்கும் உங்களுக்கு என்ன தோன்றினாலும், தயவுசெய்து, அவருக்காக நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

"