முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

…அளக்கட்டும், ஜன்னலைத்தானே அளக்கிறாள், அளந்துவிட்டுப் போகட்டும் என்று வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருக்கிறேன், ஆனால் கத்தி பலகையில் விழுகிற சத்தம் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்கிறது. நான் இன்னும் காலி செய்யாத வீடு, நேற்று ராத்திரி நான் படுத்து எழுந்த கட்டில், அதன்மேல் ஏறி நின்றுகொண்டு வீட்டு ஓனரின் மகள் திரைச்சீலைக்கு அளவு எடுக்கிறாள். சீக்கிரமே கல்யாணம், கல்யாணம் ஆனதும் அவளுக்கு இங்கேதான் குடித்தனமாம். அவளைச் சொல்லி என்ன, "அக்கா, உள்ள வரலாமா?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தாள், நல்ல பெண். எல்லாம் என்னைக் கட்டிக்கொண்ட மனுஷனின் வாயால் வந்தது. வாய் என்றால் சாதாரண வாயா, வீட்டில் பேசச் சொன்னால் பூட்டிக்கொள்ளும், சபையில் எழுந்து நின்றால் மட்டும் திறந்துகொள்ளும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு, கேட்டது கையில் வருவதற்கு முன்பே, வந்துவிட்டதாக நம்பி முன்கூட்டி ஸ்தோத்திரம் சொல்வது. வேண்டாம் என்கிறேனா, நானும் சொல்லியிருக்கிறேன், காய்ச்சல் இறங்குவதற்கு, பரீட்சை பாஸாவதற்கு, அதெல்லாம் மனசுக்குள். லிஃப்ட் மெக்கானிக்கான இவரோ, ஆண்டவர் செய்ததை ஆளாளுக்குச் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, "ஜெயில்ல இருந்து வெளிய வர்ற பிள்ளைங்களுக்கு லிஃப்ட் ரிப்பேர் கத்துக் குடுக்கிற ஊழியத்துக்கு, முன்பின் தெரியாத ஊர்ல இடமும் வீடும் குடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம், நாங்க குடும்பமா கிளம்புறோம்" என்று போட்டாரே ஒரு போடு! குடும்பமாகவாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் நான்தான், எனக்கே அப்போதுதான் தெரியும். அந்த ஊர் போதகர் போனில் சொன்னதெல்லாம் "வாங்க பிரதர், வந்து பாருங்க, ஜெபிப்போம்" என்பது மட்டும். ஆனால் இங்கே சபை மொத்தமும் அதைச் செய்தியாகவே எடுத்துக்கொண்டது. வழியனுப்பு ஜெபம் வைத்தார்கள், கம்பளி கொடுத்தார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், அதை மாட்டச் சுவர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த ஓனர், வீட்டுக்குப் போனதும் மகளிடம், "கர்த்தர் உனக்கும் வழி திறந்துட்டாரும்மா, அந்த வீடு காலியாகுது" என்று சொல்லிவிட்டார். ஒருத்தர் ஸ்தோத்திரத்தில் இன்னொருத்தர் குடியேறுகிறார், நான் நடுவில் வெங்காயம் நறுக்குகிறேன்.

வேதத்தில் போகிற இடம் தெரியாமலே கிளம்பிய ஒரு பெரியவர் உண்டு, அவரை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டாயிற்று, அவர் சம்சாரம் அன்றைக்கு எப்படி மூட்டை கட்டியிருப்பாள் என்று எந்தப் போதகராவது வாயைத் திறந்திருக்கிறாரா? ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் நாளெல்லாம் "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான், எனக்கு அசையாமல் இருப்பதுதான் பிடிக்கும். மகள் வேறு, "அம்மா, நான் எந்த ஸ்கூலுக்குப் போவேன்?" என்று தினமும் கேட்கிறாள், "உங்கப்பாவைக் கேளு" என்கிறேன், அவர் "ஜெபம் பண்ணுவோம்டா கண்ணு" என்கிறார், குழந்தை என்னைப் பார்க்கிறது, நான் அடுப்பைப் பார்க்கிறேன். வேலையை விடுவதாக ஆஸ்பத்திரியில் இன்னும் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியும், கேட்கமாட்டார். அதுதான் எரிச்சல், கேட்டால் ஒரு பாட்டம் சண்டையாவது போடலாம்…

"அங்க வீடு எப்படிக்கா, இதைவிடப் பெருசா?" டேப்பைச் சுருட்டியபடி சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள். சொல்லிவிட்டேன். "வீடே இன்னும் பாக்கலம்மா. இடமும் இல்ல. எதுவுமே இல்ல." அவள் முகம் விழுந்துவிட்டது. "அண்ணன் அன்னிக்கு கிடைச்சிடுச்சுன்னு…" "கிடைக்கும்னு நம்பிச் சொன்னாரு, அவ்வளவுதான்." டேப்பைக் கையில் வைத்து உருட்டினாள். "அக்கா, நீங்க போக வேணாம்னு நெனச்சா என்கிட்ட சொல்லுங்க. அப்பாகிட்ட நான் பேசறேன். நாங்க கொஞ்ச நாள் மாமியார் வீட்டுல இருந்துக்குவோம், ஒண்ணும் ஆயிடாது. நீங்க போகணும்னு நெனைக்கிறீங்களாக்கா?"

ஐயோ, ஒரு வார்த்தை போதும், இல்லம்மா, நாங்க எங்கேயும் போகல. கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், இரண்டு வாரம் எல்லோரும் பார்ப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். வாயைத் திறக்கிறேன், பார்த்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை முன்னால் வந்து நிற்கிறது, எழுந்து நின்ற அந்த மனுஷனின் கை முன்நாற்காலி முதுகைப் பிடித்திருந்தது, நகம் வெளுக்கும்படி. பத்து மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்து வேலை பார்க்கிற கை, தரையில் நிற்க அதற்கு எதற்கு நாற்காலி? விசுவாச வீரர் என்று நானல்லவா கிண்டல் செய்துகொண்டிருக்கிறேன்… பின்வாங்கிவிடுவோம் என்று பயந்துதான் ஊரறியச் சொல்லிவைத்தாரா? படுபாவி, அதையாவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா, இரண்டு பேராகப் பயந்திருப்போமே.

"சமையலறை ஜன்னலை விட்டுட்டியே" என்றேன். "சாயங்கால வெயில் நேரா கண்ணுல அடிக்கும். கொஞ்சம் கனமான துணியா எடு."

அவள் டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள், வெங்காயக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பிடித்தேன். பயம் அப்படியேதான் இருந்தது, இம்மிகூடக் குறையவில்லை, சமாதானம் வரும் என்பார்களே அதுவும் வரவில்லை. என்னை யாருமே கேட்கவில்லை, நீரும் கேட்கவில்லை கர்த்தாவே என்றுதானே இத்தனை நாள் உம்மோடு மல்லுக்கு நின்றேன், இப்போது என்னைக் கேட்டது இந்தப் பெண்தானா, இல்லை… "அக்கா, கொஞ்சம் மேல பிடிங்க" என்றாள், எட்டிப் பிடித்தேன்.