கடைசித் துண்டு மிச்சமிருந்த நான்கு மணி

மின்சாரப் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்ளும் அந்த அறையில், தட்டில் கேக்கின் கடைசித் துண்டு மிச்சமிருக்கும்வரை மணி நான்கைத் தாண்டுவதில்லை. அறையில் நான்கு பேர். பொறுப்பாளரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், மாடியில் இருந்த அதிகாரிகள் உட்பட. அடுத்தவர் கண்ணாடி, மூக்கின் மேல் இருப்பதை மேசையில் தேடுகிற மனிதர். மூன்றாவது புதுப்பொண்ணு, வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகியும் அந்தப் பெயர் பழசாகவில்லை. நான்காவது ஆள்தான் கேக் செய்கிறவன். காலையில் மைதா சலித்த கையோடு ஓடிவருவதால் அவன் புருவத்தில் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கும். அதனால் அவனுக்கு மாவு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சேர்ந்த புதிதில் மாவுக்குத் திட்டு வாங்கத் தெரியாது. மின்சாரம் போனால் ஊர் முழுக்க அந்த நான்கு பேரின் காதில்தான் வந்து விழும். ஒரு நாள் எவனோ அவனைப் பெற்றவளையும் சேர்த்து இழுக்க, பதிலுக்கு இவனும் நாலு வார்த்தை விட்டுவிட்டான். வேலை போயிருக்க வேண்டும். பொறுப்பாளர் நான்தானே, என்மேல் எழுதிக்கொள்ளுங்கள் என்று அக்கா மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் காதிலும் ஒரு கேட்பானை மாட்டிக்கொண்டு, மூன்று மாதம் வேலை பழக்கினார். "முதல்ல அவங்க திட்டி முடிக்கட்டும். அதுவரைக்கும் உன் காதுதான் வேலை பாக்குது, நீ இல்ல," என்பார். நன்றி சொல்ல மாவுக்கு வாய் எழவில்லை. மைதா பாக்கெட்டின் பின்னால் அச்சிட்டிருந்த செய்முறையைப் படித்து ஒரு கேக் செய்து கொண்டுவந்தான். ஒரு ஓரம் கருகியிருந்தது, நடுவில் குழி விழுந்திருந்தது.

தேநீர் நேரத்தில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கடைசித் துண்டை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நீ எடு, நீங்க எடுங்க என்று தட்டு மேசைமேசையாகச் சுற்றிவிட்டு நடுவில் வந்து நின்றது. பேசினார்கள், சிரித்தார்கள், அக்கா மேசையில் தலையைச் சாய்த்துச் சற்றுக் கண்ணயர்ந்தார். ஒரு தொலைபேசிகூட அடிக்கவில்லை என்பதைப் புதுப்பொண்ணுதான் முதலில் கவனித்தாள். சுவரில் மணி நான்கு. சன்னலுக்கு வெளியே ஒருவர் பேருந்துப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார், அப்படியே நின்றார். வேலைநிறுத்தமாக இருக்கும் என்றார் கண்ணாடி. சொல்லிக்கொண்டே ஞாபகமில்லாமல் கடைசித் துண்டை எடுத்து வாயில் போட்டதும் நான்கு தொலைபேசிகளும் ஒன்றாக அலறின. பேருந்து கிளம்பிப் போனது.

இரண்டாவது கேக்கில் சந்தேகம் தீர்ந்தது. மூன்றாவது கேக்குக்கு ஆளுக்கொரு தலையணை வந்தது. மாடிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நேரத்துக்கும் ஒரு வேலை வந்திருக்கும். கிடைத்த காலத்தை வைத்துப் பெரிதாக எதையும் சாதிக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தூங்கினார்கள். பல வருடக் கடன் தூக்கம் எல்லோருக்கும் இருந்தது. புதுப்பொண்ணு மட்டும் கொஞ்ச நாள் சட்டப் புத்தகங்களை வைத்துப் படித்தாள், பிறகு அவளும் தூங்கினாள். அந்த நான்கு மணியில் பசி எடுக்காது, தாகம் எடுக்காது. நகமும் முடியும் மட்டும் வளரும்.

உடம்பு கணக்கு வைத்துக்கொண்டது தாமதமாகத்தான் தெரிந்தது. காலையில் மழித்த முகத்தோடு போனவன் சாயங்காலம் தாடியோடு வருவதை மாவின் மனைவி முதலில் கேலி செய்தாள். பிறகு கேலியை நிறுத்திவிட்டாள். ஏழெட்டு வருடத்தில் மாவு தன் அண்ணனைவிட மூத்துப்போனான். அண்ணன் ஊரிலிருந்து வந்தபோது வாசலில் நின்று, தன்னையறியாமல் கும்பிட்டுவிட்டு, பிறகு அசடு வழிந்தார். அன்று அண்ணன் போன பிறகு, துணி மடித்துக்கொண்டே மாவின் மனைவி சொன்னாள்.

"உங்களோட சேர்ந்து வயசாகணும்னு நினைச்சேன். நீங்க என்னை விட்டுட்டு முன்னாடி போயிட்டே இருக்கீங்க."

அவளுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று வீட்டிலும் கேக்கை வைத்துப் பார்த்தான். பலிக்கவில்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கடைசித் துண்டு என்று ஒன்று இருப்பதில்லை. அதன்பின் அலுவலகத்துக்கும் எப்போதாவதுதான் கேக் கொண்டுபோனான், எல்லோரும் மிகவும் சோர்ந்துபோன நாட்களில் மட்டும்.

அக்கா ஓய்வுபெறும் நாள் வந்தது. ஓய்வு என்பது பெயருக்குத்தான். வீட்டில் அவர் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. தூக்கி உட்காரவைப்பதும் துடைத்துவிடுவதும் ஊட்டுவதும் அக்காதான். அக்கா நிம்மதியாகத் தூங்கியது அந்த நான்கு மணியில் மட்டும்தான் என்று மூவருக்கும் தெரியும். மாவு அன்று வீட்டிலிருந்த பெரிய தட்டில் கேக் செய்தான். கருகவில்லை, குழி விழவில்லை. எல்லோரும் தின்றார்கள். கடைசித் துண்டை யாரும் தொடவேண்டாம் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை, தொடவுமில்லை.

அந்த நான்கு மணி எவ்வளவு நீண்டது என்று சொல்ல வழியில்லை. அக்கா தூங்கிய தூக்கத்தில், மூச்சு வருகிறதா என்று புதுப்பொண்ணு பலமுறை மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். எழுந்தார், பேசினார், மறுபடி தூங்கினார். நாளெல்லாம் பதில் சொல்லியே கரகரத்துப்போயிருந்த தொண்டை தெளிந்தது. மற்றவர்களும் தூங்கித் தீர்த்தார்கள். தெரிந்த கதையெல்லாம் பேசி முடிந்தது. முடிந்ததும் முதலிலிருந்து பேசினார்கள். புதுப்பொண்ணின் பின்னல் இடுப்பைத் தாண்டி இறங்கியது. ஒரு தடவையாவது தொலைபேசி அடித்தால் தேவலை என்றார் கண்ணாடி; சொன்னதற்காக வெட்கப்பட்டார். சன்னல் வெயில் எந்தக் கட்டத்தில் விழுந்ததோ அந்தக் கட்டத்திலேயே கிடந்தது.

ஒருமுறை அக்கா கண் விழித்து, எதிரே உட்கார்ந்திருந்த மாவை வெகுநேரம் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கை நரம்புகள் புடைத்திருந்தன. எழுந்து வந்து தட்டை எடுத்துக்கொண்டார்.

"போதும் மாவு. தூக்கமும் ஒரு அளவுக்கு மேல போனா உடம்பு வலிக்குது."

"வீட்டுக்குப் போனா மறுபடி அதே பாடுதானேக்கா. இன்னும் கொஞ்சம் இருங்க."

"அதே பாடுதான். ஆனா நான் போனாத்தான் அவரு மருந்துக்கு வாயத் திறப்பாரு. அவருக்கும் இப்ப நாலு மணிதான்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் எவ்வளவு காலமா காத்துட்டு இருக்காருன்னு மனசு அடிச்சுக்குது."

அக்கா நின்றபடியே கடைசித் துண்டைத் தின்றார், நிதானமாக, ஒரு துகள் விடாமல். "நல்லா வந்திருக்கு," என்றார். தொலைபேசிகள் அடித்தன. முதல் அழைப்பை அவரே எடுத்தார். எதிர்முனையில் ஒரு பெண் காலையிலிருந்து மின்சாரம் இல்லை என்று கத்தித் தீர்த்தாள். அக்கா முழுதும் கேட்டு, தெருப் பெயரைக் குறித்துக்கொண்டு, ஆள் அனுப்புகிறோம் என்றார். வேலை நேரம் முடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு, மூவரின் தோளையும் ஒருமுறை தொட்டுவிட்டுப் படி இறங்கினார்.

இனி மாவை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. பேருந்தில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். அவர் மறுக்காமல் உட்கார்ந்தார். வீட்டுக் கதவைத் திறந்த மனைவி அவர் தலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். கடைசித் துண்டு எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டாள். ரொம்ப நேரம், இனிமே கிடையாது என்றார்.

"சாப்பிடுறீங்களா, இல்ல கொஞ்சம் படுக்கிறீங்களா?"

"தூக்கமெல்லாம் தூங்கியாச்சு."

"அப்ப நான் கொஞ்சம் படுக்கிறேன்," என்றாள் அவள். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள். பையை ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாள், சாய்ந்த உடனே தூங்கிப்போனாள். பிள்ளைகள் அப்பாவின் வெள்ளைத் தலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வீட்டுப்பாடத்துக்குத் திரும்பினார்கள். சின்னவளுக்கு மட்டும் பெருக்கல் வரவில்லை. அவர் அவள் பக்கத்தில் மெல்ல, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அம்மா எழுந்துவிடாதபடி தாழ்ந்த குரலில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.