பேச்சில் வந்தவள்

பள்ளிவாசல் மாடியில் பெண்களுக்கான ஒருநாள் மார்க்க வகுப்பு நடந்த அன்று, யாரைப் பற்றியெல்லாம் புறம் பேசினார்களோ அவர்கள் எல்லாரும் இருந்த கோலத்திலேயே அங்கே வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தது ஒரு வீட்டுக்காரம்மா. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு பற்றிய பாடம் முடிந்து தேநீர் கொடுத்த நேரத்தில், அவர் வீட்டில் குடியிருந்த தையல்காரி, தண்ணீர் மோட்டார் போடச் சொன்னால் மூக்கால் அழுவார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, தலை நிறைய ஷாம்பு நுரையோடு அவர் வாசலில் நின்றார். அடுத்து ஒரு மருமகள், கையில் கரண்டியோடு. அப்புறம் ஒருத்தியின் கணவர். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ள, அவர் வெலவெலத்துப்போய்ப் படியிறங்கி ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாடம் நடத்திய ஆலிமா பதறவில்லை. வந்தவர்களுக்கும் பாய் விரிக்கச் சொன்னார், உலையில் இன்னும் கொஞ்சம் அரிசி போடச் சொல்லி ஆளனுப்பினார், மதியத்துக்கு வைத்திருந்த பாடத்தை முன்னால் இழுத்துக்கொண்டார். ஒருவரிடம் உள்ள குறையை அவர் இல்லாத இடத்தில் சொன்னால் புறம், இல்லாத குறையைச் சொன்னால் அவதூறு, அது இதைவிடக் கொடியது என்றார்.

கடைசி வரிசையில் கண்ணாடிக்கடை அக்கா இருந்தாள். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் மாட்டிக் கொடுப்பது அவள் வேலை. அவளுடைய தங்கை கடல் கடந்த ஒரு நாட்டில், ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் இருந்தாள். அம்மா மௌத்தாகி அடக்கம் நடந்தபோது தங்கை வரவில்லை. அன்றிலிருந்து அக்கா அவள் போனை எடுப்பதில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களின் காதில் ஃபிரேமைப் பொருத்திக்கொண்டே தங்கையைத் திட்டித் தீர்க்காத நாளில்லை. வருஷங்கள் அப்படியே ஓடின.

மதிய லுஹர் தொழுது, சாப்பாடும் முடிந்தபின் அக்கா ஒரு மூலையில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். தங்கையை வரவழைக்க, தப்பு என்று தெரிந்தேதான் செய்தாள். "என் தங்கச்சி கல்நெஞ்சுக்காரி," என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள். யாரும் வரவில்லை. "சம்பளம் போயிடும்னுதான் வராம இருந்துட்டா." மின்விசிறிக் காற்றில் திரைச்சீலை மட்டும் அசைந்தது. "பெத்தவளையே மறந்துட்டா," என்றாள்.

ஆலிமா அருகில் வந்து உட்கார்ந்தார். "வரலையாம்மா?"

"வரல."

"இருக்கிற குறையச் சொன்னாத்தான் ஆள் வருது. அப்போ நீங்க சொன்னதெல்லாம் அவங்ககிட்ட இல்லாததும்மா."

அத்தனை வருஷம், அத்தனை பேரிடம் சொன்னதெல்லாம் அவதூறா? மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அக்கா அந்த மூலையிலேயே இருந்தாள். தங்கையிடம் உண்மையில் என்னதான் குறை என்று அன்றுதான் முதல்முறையாக யோசித்தாள். சின்ன வயதில் கதவிடுக்கில் விரல் நசுங்கியபோது, கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு, சாப்பாடு வேண்டாம் என்று மட்டும் சொன்னவள் அவள். "அழுத்தக்காரி," என்றாள் அக்கா மெதுவாக. "உசுரே போனாலும் ஒரு கஷ்டத்த வெளிய சொல்ல மாட்டா."

பாதி மடித்த தலையணை உறையோடு தங்கை வாசலில் நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"அன்னைக்கு ஏண்டி வரல?"

"பாஸ்போர்ட்ட முதலாளி பூட்டி வச்சிட்டார்க்கா. இன்னும் தரல."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"உடனே சொல்ல மனசு வரல. அப்புறம் சொல்லலாம்னா நீ போனே எடுக்கல."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அஸர் தொழுதார்கள். தொழுகை முடிந்ததும் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். கேட்டதோடு விடவில்லை. மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், தான் முன்பு சொன்னது அத்தனையும் பொய் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தாள். அதைச் சொல்லி முடிக்க, திட்டியதைவிட அதிக காலம் பிடித்தது. சிலர் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். சிலர் நம்பவே இல்லை.

தங்கை வந்த அடுத்த வாரமே அவளுக்குப் புதுப் பாஸ்போர்ட் எடுக்க இருவரும் போனார்கள். எந்த விமானத்தில் வந்தாள் என்று அதிகாரி கேட்டார்.

"விமானத்துல வரல சார். அக்கா என்னைப் பத்திப் பேசினா, வந்துட்டேன்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "பேச்சுல வந்தவங்களுக்கு மூணாவது கவுண்டர்மா," என்றார்.

அங்கே ஏற்கெனவே நல்ல கூட்டம். அக்காவும் தங்கையும் போய் வரிசையில் நின்றுகொண்டார்கள்.